மூன்று பாஷையிலும் மண்ணு

எனக்குச் சந்தேக புத்தி. வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடி பார்ப்பேன். கடிகாரத்தில் மணி பார்த்த பிறகு ரேடியோவிலும் கேட்டுக்கொள்வேன். எதுவானாலும் இரண்டு தடவை சோதித்தால்தான் எனக்கு நிம்மதி. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் எனக்கு "சிஐடி அக்கா" என்றே பெயர்.

வீட்டில் கெட்ட பெயர் வாங்கித் தந்த அந்தக் குணத்துக்கு நல்ல பெயர் கிடைத்த ஒரே இடம் நான் வேலை பார்த்த லேப். தொண்ணூறுகளின் கடைசி அது. ஓசூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து, அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் நின்று நின்று, பெங்களூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். அங்கே நான் லேப் டெக்னீஷியன். கருவிழியில் புண்ணோடு வருகிறவர்களுக்கு, புண்ணை லேசாகச் சுரண்டி எடுத்து அதில் என்ன கிருமி இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை. கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். தட்டில் தடவி, வளர்கிறதா என்று காத்திருப்போம். பாதிப் பேருக்கு ஒன்றும் வளராது. கண்ணில் புண் மட்டும் வளர்ந்துகொண்டே போகும்.

அந்த வருடம்தான் புதிதாக ஒரு மெஷின் வந்து இறங்கியது. பிசிஆர் என்பார்கள். கிருமி ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஓர் எழுத்து வரிசை உண்டு. சுரண்டி எடுத்ததில் அது நாலைந்து இருந்தால்கூடப் போதும், மெஷின் அதைச் சூடாக்கி ஆறவைத்து, சூடாக்கி ஆறவைத்து, ஒன்றை இரண்டாக, இரண்டை நாலாகக் கோடிக்கணக்கில் பெருக்கிவிடும். பிறகு ஒரு ஜெல்லில் ஓடவிட்டு ஊதா விளக்கில் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு தெரியும். கோடு இருந்தால் கிருமி இருக்கிறது.

ஆனால் அந்த மெஷினுக்கு நல்லது கெட்டது தெரியாது. நம் கையிலிருந்தோ போட்டிருக்கும் மேல்கோட்டிலிருந்தோ ஒரு தூசி விழுந்தாலும் அதையும் கோடியாகப் பெருக்கிவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு டியூபில் வெறும் தண்ணீரை வைப்போம். தண்ணீர் டியூபில் கோடு வரக்கூடாது. வந்தால் எல்லாமே குப்பை, முதலிலிருந்து தொடங்க வேண்டும். மருந்து கலக்குவதற்கு ஓர் அறை, ஜெல் பார்ப்பதற்கு வேறோர் அறை. அறைக்கு அறை செருப்பு வேறு, கோட்டு வேறு. ஜெல் அறைக்குப் போனவர்கள் அன்றைக்குக் கலக்கும் அறைக்குள் கால் வைக்கக்கூடாது. எங்கள் சீனியர் சொல்வார், "இங்க யாரையும் நம்பாதே, உன்னையும் சேர்த்து." எனக்காகவே கண்டுபிடித்த வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஜவளகிரிப் பக்கத்தவர். அவர் அப்பா, அவர் அப்பாவுக்கு அப்பா எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகச் சட்டையில் கம்பெனி பெயர் தைத்துக்கொண்டவர் இவர். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கிரைண்டிங் மெஷினில் வேலை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் உள் அறையில் என் அம்மாவிடம் சொன்ன வார்த்தை எங்கள் சொந்தத்தில் பிரசித்தம். "மண்ணுல இறங்குறவனுக்கு நான் கழுத்த நீட்ட மாட்டேன், மண்ணுத் துணி தொவைச்சே உன் கை தேஞ்சு போச்சு. கம்பெனிக்காரன்னாதான் சரி." சுவர் மெல்லிசு, வெளியே உட்கார்ந்திருந்த அவர் காதில் விழுந்துவிட்டது. கல்யாணமாகிப் பல வருடம் கழித்தும் விருந்து விசேஷங்களில் இதை நானே சொல்லிச் சிரிக்க வைப்பேன். அவரும் கூடச் சிரிப்பார்.

அந்த மழைக்காலத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது அவர் மேல்தான்.

முதலில் துணி. கிரைண்டிங் செய்கிறவர் யூனிஃபார்மை ஊறவைத்தால் தண்ணீர் கறுத்து ஓடும், எண்ணெய் மிதக்கும். எத்தனை வருடமாகத் துவைக்கிறேன், எனக்குத் தெரியாதா? ஒரு மாதமாகத் தண்ணீர் செக்கச்செவேல் என்று ஓடியது. கேட்டேன். "கம்பெனிக்குள்ள புதுசா ஷெட் கட்டறாங்க, தோண்டிப் போட்டிருக்கான்" என்றார். சரி என்றேன். பிறகு சட்டைப் பையில் தளி ஊருக்குப் போன பஸ் டிக்கெட் ஒன்று. கூட வேலை பார்ப்பவர் வீட்டில் துக்கம் என்றார். அதற்கும் சரி. அடுத்த வாரம் டிபன் கேரியர் பைக்குள் ஒரு ரோஜா இதழ். வாடாத, நல்ல சிவப்பு இதழ்.

ரோஜாவுக்கு அவரிடம் பதில் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? தளியில் ஒருத்தி இருக்கிறாள் என்று நானே முடிவு செய்துவிட்டேன். அவளுக்கு வயது முப்பது, நெற்றி அகலம், தலை நிறையப் பூ என்று உருவமே கொடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மா வேறு, "உங்க வூட்டுக்காரரு சைக்கிள பஸ் ஸ்டாண்டுல பாத்தேன் சிஐடி அக்கா, தெனம் அங்கதான் நிக்குது" என்று எண்ணெய் ஊற்றினாள். நான் விடியற்காலையிலேயே பெங்களூர் பஸ் ஏறிவிடுவேன். அவர் எந்தப் பக்கம் போகிறார் என்று யார் கண்டது? லீவு போட்டுப் பின்னாலேயே போய்க் கையும் களவுமாகப் பிடிப்பது என்று நாளும் குறித்தேன்.

அந்த நாள் வருவதற்குள் அவருக்கு வலது கண் சிவந்தது. இரும்புத் துகள் பட்டுவிட்டது என்றார். கிரைண்டிங்கில் அது சகஜம்தான். "கம்பெனி டிஸ்பென்சரியில காட்டுனீங்களா?" என்றேன். "அங்க டாக்டர் லீவு" என்றார். மெடிக்கல் ஷாப்பில் ஏதோ சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இருந்த கோபத்தில் நானும் இரண்டு மூன்று நாள் கண்டுகொள்ளவில்லை. அந்தத் தளிக்காரியே வந்து மருந்து விடட்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். ஐந்தாம் நாள் வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிப் பார்த்தால் கருவிழியில் வெள்ளையாக ஒரு புண். தினமும் பார்க்கிற தொழில், பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ரோஜாவும் தளிக்காரியும் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரிச் சீட்டை நான்தான் நிரப்பினேன். தொழில்: கம்பெனி, கிரைண்டிங். எப்படி: இரும்புத் துகள். என் கையெழுத்து. அவரும் பழைய யூனிஃபார்மைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

எங்கள் டாக்டரம்மா கன்னடக்காரர். நம் பக்கத்து ஆட்களிடம் பாதித் தமிழ், பாதிக் கன்னடத்தில் பேசுவார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை ரொம்ப நேரம் பார்த்தார். "இரும்பு விழுந்தா துருக் கறை இருக்கணுமே, இல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு நேராகவே கேட்டார், "மண்ணு பித்தா?" மண் விழுந்ததா என்று. எங்கள் பக்கத்தில் தமிழன், கன்னடக்காரர், தெலுங்குக்காரர் எல்லோருக்கும் மண்ணு மண்ணுதான், மூன்று பாஷையிலும் ஒரே வார்த்தை. புரியவில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருக்க முடியாது.

"இல்ல டாக்டர், இரும்புதான்" என்றார். நானும் பக்கத்தில் நின்று, "இவங்க மண்ணுக்கே போறதில்ல மேடம், கம்பெனி வேலை" என்று பெருமையாகச் சொன்னேன்.

சுரண்டி எடுத்தார்கள். கண்ணாடித் துண்டில் மெல்லிசாக நூல் மாதிரி நாலைந்து இழை தெரிந்தது. பூஞ்சைதான் என்றார் ஒரு டாக்டர், பூஞ்சைக்கு இது ரொம்ப மெல்லிசு என்றார் இன்னொருவர். தட்டில் இரண்டு நாளாகியும் ஒன்றும் வளரவில்லை. நூலை நம்பிப் பூஞ்சை மருந்தைத் தொடங்கினார்கள். மணிக்கு ஒரு சொட்டு. நாலு நாளில் புண் கண் பாப்பாவின் ஓரம் வரை வந்துவிட்டது. அவரை வார்டில் சேர்த்தோம். இனிமேல் அந்தக் கண் இருக்குமா இருக்காதா என்பதுதான் கேள்வி. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "பிசிஆர் போட்டுப் பாரும்மா, எடுத்து வெச்ச சாம்பிள் இருக்கு" என்றார்.

சீனியர் குறுக்கே வந்தார். "சொந்த ஆள் சாம்பிள். நீ தொடாதே, அந்தப் பொண்ணு பண்ணட்டும்." அந்தப் பெண் லேபில் எனக்கு ஜூனியர், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். டியூபில் நம்பர் எழுதும்போதே பேச்சுக் கொடுப்பாள், பஜ்ஜி சாப்பிட்ட கையை எந்த லட்சணத்தில் கழுவுகிறாளோ என்று எனக்கு எப்போதும் ஓர் எண்ணம். என் புருஷன் கண்ணை அவள் கையில் கொடுப்பதா? சீனியர் சாப்பிடப் போன நேரத்தில் நானே கலக்கும் அறைக்குள் போனேன். டியூப் டியூபாக நானே வைத்தேன். பாக்டீரியா அத்தனைக்கும் பொதுவான எழுத்துக்கு ஒன்று, பூஞ்சை அத்தனைக்கும் பொதுவான எழுத்துக்கு ஒன்று, இரண்டுக்கும் தண்ணீர் டியூப்.

சாயங்காலம் ஜெல்லை விளக்கில் வைத்தேன். பாக்டீரியா டியூபில் கோடு, பளீரென்று. பக்கத்தில் தண்ணீர் டியூபிலும் அதே கோடு.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெண்ணைப் பிடித்து ஏசினேன். தண்ணீர் பாட்டிலை யார் தொட்டது, பனிக்கட்டிப் பெட்டியை யார் திறந்தது என்று பெருக்க வரும் அம்மா வரைக்கும் விசாரணை வைத்தேன். அந்தப் பெண் அழவில்லை. மெதுவாகச் சொன்னாள். "அக்கா, நீங்க காலையில ஜெல் ரூமுல இருந்தீங்க. வேற பேஷன்ட் ஜெல் பாத்தீங்களே. அதுக்கப்புறம்தான் இந்தப் பக்கம் வந்தீங்க."

ஆமாம். காலையில் ஜெல் பார்த்தேன். போட்டிருந்த மேல்கோட்டைக்கூட மாற்றவில்லை. யாரையும் நம்பாமல் நானே செய்ததில், தூசியைக் கொண்டுவந்து போட்டதும் நானே. இத்தனை வருடத்தில் நான் சந்தேகப்படாமல் விட்ட ஒரே ஆள் நான்தான்.

மறுநாள் ஞாயிறு, லேப் மூடல். திங்கட்கிழமை அந்தப் பெண்தான் மறுபடி போட்டாள். நான் வாசலில் நின்றேன். தண்ணீர் டியூப் சுத்தம். பூஞ்சை டியூப் காலி. பாக்டீரியா டியூபில் கோடு. அவ்வளவு நாளும் பூஞ்சை என்று மருந்து விட்டது பூஞ்சைக்கே இல்லை. ஆனால் பாக்டீரியா என்றால் ஆயிரம் வகை. கண்ணின் மேலேயே சும்மா இருக்கிற பாக்டீரியாகூட இப்படிக் கோடு காட்டும். அதனால் அந்தக் கோட்டை வெட்டியெடுத்து, எழுத்து எழுத்தாகப் படிக்கும் வசதியுள்ள ஒரு பெரிய ஆராய்ச்சிக் கூடத்துக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா தெரிந்தவர்களைப் பிடித்து அவசரப்படுத்தினார்.

பதில் வந்த அன்று மத்தியானம் டாக்டரம்மா என்னையும் கூட்டிக்கொண்டு வார்டுக்கு வந்தார். கூடவே இன்னொரு சாட்சியும் வந்திருந்தது. தூக்கிப் போடாமல் வைத்திருந்த பழைய தட்டில், சுண்ணாம்புப் பொட்டு மாதிரி நாலு வெள்ளைப் புள்ளி அன்று காலைதான் தலை காட்டியிருந்தது. எழுத்து சொன்னதும் தட்டு சொன்னதும் ஒரே கிருமி. பாக்டீரியாதான், ஆனால் நூல் மாதிரி இழை விட்டு வளரும். பார்க்கிறவர்கள் பூஞ்சை என்று ஏமாந்துபோவார்கள். அதற்கு வேறு மருந்து, ஊசி மருந்தைக் கரைத்துச் செய்கிற சொட்டு. அது எங்கே இருக்கும் என்று கேட்டேன்.

"மண்ணல்லி" என்றார் டாக்டரம்மா. மண்ணில்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து மறுபடி கேட்டார், "ஹொலதல்லி கெலச மாடிதீரா?" வயலில் வேலை செய்தீர்களா? மண்ணில் இருக்கிற கிருமி காற்றோடு எங்கேயும் போகும், கம்பெனிக்குள்ளும் வரும். அது எனக்கும் தெரியும், டாக்டரம்மாவுக்கும் தெரியும். டாக்டரம்மா குற்றம் சாட்டவில்லை, கேட்டார், அவ்வளவுதான். ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் இல்லையா? மூடாத ஒரு கண்ணால் அவர் பார்த்தது டாக்டரம்மாவை இல்லை, என்னை.

"ஆமா" என்றார்.

டாக்டரம்மா மருந்து எழுதப் போனதும் அவர் என்னிடம் சொன்னார். கம்பெனியில் ஆள் குறைத்துவிட்டார்கள், இரண்டு மாதம் ஆகிவிட்டது. தளிக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் கூடாரம் போட்டு ரோஜா வளர்க்கிறார்கள், அங்கே பாத்திக்கு மண்ணும் எருவும் சுமக்கிற வேலை. தினமும் யூனிஃபார்மோடு கிளம்பி, சைக்கிளைப் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுத் தளி பஸ் ஏறியிருக்கிறார். ஈர மண் அப்பியிருந்த ரோஜாக் கிளை ஒன்று விசிறிக் கண்ணில் அடித்திருக்கிறது. செம்மண் தண்ணீர், டிக்கெட், இதழ், டாக்டர் லீவு. எல்லாம் சரியாகப் பொருந்தியது. முழுப் பூசணிக்காயை இரண்டு மாதம் சோற்றில் மறைத்திருக்கிறார். தளிக்காரியின் அகல நெற்றி வரை பார்த்த சிஐடிக்கு அந்தப் பூசணிக்காய் தெரியவில்லை.

ஒருத்தி இருந்திருந்தால் எனக்குச் சண்டை போடத் தெரிந்திருக்கும். இதற்கு எப்படிச் சண்டை போடுவது?

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னாங்க? டாக்டர் மொத நாளே கேட்டாங்களே, அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ பக்கத்துல நின்னியே" என்றார். பிறகு, "மண்ணுல இறங்குறவன் வேணாம்னுதான சொன்ன" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் மேல் அவருக்குக் கோபம் இருந்த மாதிரியே தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பத்து வருடமாகச் சொந்தக்காரர்களைச் சிரிக்க வைத்த வார்த்தை அது. அவரும் கூடச் சிரித்தாரே, அப்போது நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா?

புது மருந்து வேலை செய்தது. புண் மெல்ல மெல்லச் சுருங்கியது. ஆனால் ஆறின இடத்தில் பாப்பாவை மறைத்துக்கொண்டு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. கண் போகவில்லை, பார்வை எவ்வளவு மிஞ்சியது என்பது போகப் போகத்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா. "ஒரு வாரம் முன்னாடியே இந்த மருந்து விட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு வாரத்தில் என் வீட்டுக்காரர் பொய்க்குக் கொஞ்ச நாள், சீட்டில் நான் எழுதினதற்குக் கொஞ்ச நாள், தண்ணீர் டியூபுக்கு இரண்டு நாள். வீட்டில் சோறு போடும்போதும் துணி மடிக்கும்போதும் அந்த இரண்டு நாளைத்தான் சொல்லிச் சொல்லிப் புலம்பினேன். அவர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

இரண்டு மாதம் கழித்துப் பார்வை சோதிக்க வரச் சொன்னார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் சுவரில் தொங்கும் அட்டை ஒன்றுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் தமிழ் எழுத்து, மறுபக்கம் கன்னட எழுத்து. அவருக்கு இரண்டும் படிக்க வரும். நான் கதவோரம் நின்றேன். அவருக்கு முன்னால் ஒரு பெரியவர் தமிழ்ப் பக்கத்தைப் படித்தார், மூன்றாவது வரியில் 'ப' என்பதை 'ம' என்று தப்பாகச் சொன்னார். அடுத்து இவர் உட்கார்ந்தார். நல்ல கண்ணை மூடினார்கள். மேலிருந்து கடகடவென்று படித்தார். முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி. சோதிக்கிற பையன் சந்தோஷமாகத் தலையாட்டினான். எனக்கும் நெஞ்சு நிறைந்து கண்ணீர் வரப் பார்த்தது.

வரவில்லை. மூன்றாவது வரியில் இவரும் 'ப'வை 'ம' என்றுதான் சொன்னார்.

நான் உள்ளே போய் அட்டையைக் கன்னடப் பக்கம் திருப்பினேன். "படிங்க" என்றேன்.

மேல் வரியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஓர் எழுத்து. அதைக்கூட அவர் சொல்லவில்லை.

"எதுக்குங்க இது?"

"நீ அந்தத் தண்ணி டியூபையே சொல்லிட்டுக் கெடக்குற. கண்ணு நல்லாத் தெரியுதுன்னா உடுவியேன்னு பாத்தேன்" என்றார்.

பையன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் அட்டைக்குப் பக்கத்திலிருந்து நகர்ந்து அவர் முன்னால் போய், இரண்டு எட்டு தள்ளி நின்றேன். நல்ல கண் இன்னும் மூடித்தான் இருந்தது.

"நெசத்தச் சொல்லுங்க. என்னா தெரியுது?"

"நீ நிக்கிறது தெரியுது" என்றார். "மூஞ்சி தெரியல."

பையனிடம் அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னேன். அந்த ஒரு பதிலை மட்டும் நான் இரண்டாம் தடவை சோதித்துப் பார்க்கவில்லை.